பள்ளிப் பக்கம் மட்டும்

என்றும் என் மதிப்புக்குரிய சம்பந்தி ராகவன் அவர்களுக்கு,

உங்களிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். உங்கள் திதிக்கு நடந்த போன மாசிகத்தன்றே சொல்லியிருப்பேன். வாத்தியார் மூச்சு விடாமல் மந்திரம் சொன்னார். நடுவில் இன்ஜின் ஆயிலைப் பற்றி ஒரு வார்த்தை நுழைக்க இடம் கிடைக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். நாலு பேர் படிக்கட்டும் என்று அச்சுக்கும் கொடுக்கிறேன். இதில் தப்பு செய்தவன் நான்தான் என்பதால் உங்களுக்கு ஆட்சேபம் இருக்காது.

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. ஸ்ரீரங்கத்தில் எல்லோரும் சௌக்கியம். உங்கள் மகள் வைதேகி சௌக்கியம். என் மகன் அவள் சொல்வதைக் கேட்டு நடந்துகொண்டு சௌக்கியம். உங்கள் மோட்டாரைப் பற்றி மட்டும் இப்படி ஒரு வார்த்தையில் எழுதிவிட முடியாது.

படிக்கிறவர்களுக்கு அந்த மோட்டாரைத் தெரியாது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் ஊஞ்சல் வாங்குவார்கள், இல்லை மூட்டுவலித் தைலம் வாங்குவார்கள். நீங்கள் நாகப்பட்டினம் போய், யாரோ பல வருஷம் கடலில் ஓட்டிய பதினைந்து குதிரைசக்திப் படகு மோட்டார் ஒன்றை வேனில் ஏற்றிக்கொண்டு வந்தீர்கள். படகு வாங்கவில்லை. எதற்கு இது என்று தென்னூரில் என் வீட்டிலிருந்து வந்து நான் கேட்டபோது, நான்தான் விவரம் தெரியாதவன் என்பதுபோல் பார்த்தீர்கள்.

"ஸ்ரீரங்கம் தீவு. இந்தப் பக்கம் காவேரி, அந்தப் பக்கம் கொள்ளிடம். தீவுல இருக்கறவா ஆத்துல மோட்டார் இல்லேன்னா அதைத்தானே கேக்கணும்? இருக்கறவனை ஏன் கேக்கறேள்?"

காபியைக் குடித்துவிட்டுத் தென்னூருக்கே திரும்பினேன்.

கார் நிறுத்தும் இடத்தில் மரச்சட்டம் அடித்து மோட்டாரை நிறுத்தினீர்கள். அதன் காலடியில் நீல டிரம், டிரம் நிறையத் தண்ணீர். ஞாயிறு தோறும் காலையில் அதற்குள் மோட்டார் ஓடும். ஒரு டிரம் அகலமுள்ள கடலில் நீங்கள் இரண்டு வருஷம் பயணம் செய்தீர்கள். அதற்குப் பிறகுதான் முருகேசன் வந்தார். கொள்ளிடக் கரையில் மீன் பிடிப்பவர். ஃபைபர் படகு இருந்தது, துடுப்பு போட்டுப் போட்டுத் தோள் போயிருந்தது. படகு அவருடையது, மோட்டார் உங்களுடையது என்று பேச்சானது. தண்ணீர் வரும் மாதங்களில் மோட்டார் ஆற்றுக்குப் போகும், திரும்பி வரும். ஆயில் விஷயத்தை மட்டும் நீங்கள் யாரையும் தொட விட்டதில்லை.

நீங்கள் போன பிறகு பொறுப்புகளைப் பிரித்தார்கள். என் பங்கு என்ன என்று வைதேகி சொன்னாள்.

"மாமா, மோட்டாருக்கு ஆயில் மாத்தறது சம்பந்தி வேலைன்னு அப்பா ஆஸ்பத்திரியில சொன்னார்."

"என்னையா சொன்னார்? நான் காலேஜ் லைப்ரரியில இருந்தவன்மா. வாழ்க்கையில கதவுக் கீலுக்குத்தான் எண்ணெய் விட்டிருக்கேன்."

"அதான் மாமா. எதையும் முழுசாப் படிக்கற ஒரே ஆள் அவர்தான்னார்."

எனக்குப் பெருமையாக இருந்தது. பின்னால் நடந்த அத்தனைக்கும் அந்தப் பெருமைதான் காரணம்.

மோட்டாரின் மேல்மூடியைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே உங்கள் கையெழுத்தில் வெள்ளைச் சீட்டுகள் ஒட்டியிருந்தன. பேசும்போது ஆயில், டேங்க், ஸ்டார்ட் என்று பேசுகிற நீங்கள், பேனாவை எடுத்தால் மட்டும் சுத்தத் தமிழுக்கு மாறிவிடுவீர்கள். மின்வாரியத்துக்கு நீங்கள் எழுதிய புகார்களைப் பார்த்திருக்கிறேன், கல்வெட்டில் பொறிக்கலாம். இந்தச் சீட்டுகளும் அப்படித்தான் இருந்தன. "எண்ணெய் அளவை மோட்டார் நிற்கும்போது மட்டும் பார்." "சூடாக இருக்கையில் பழையதை வடி. ஆறிய பின் புதியதை அள." "மிகுதியும் குறைவைப் போலவே கெடுதல்." "பழைய எண்ணெய் ஆற்றுக்குப் போகாது." "மீதி எண்ணெய் மோட்டாருடனே போகும்."

எத்தனையோ நூல்களை அட்டவணைப்படுத்தியவன் நான். ஒரு வார்த்தையை எடுத்தால் மொத்தமும் சரியும்படி எழுதப்பட்ட நூல்கள் அவற்றில் மிகக் குறைவு. நின்றபடியே இரண்டு தடவை படித்தேன்.

ஆயில் வாங்கப் பாலக்கரைக்குப் போனேன். கடைக்காரர் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"என்ன வண்டிங்க சார்?"

"வண்டி இல்லைங்க. படகு மோட்டார். ஃபோர் ஸ்ட்ரோக்."

"படகா? எந்தக் கடல்ல ஓட்டுறீங்க?"

"இப்போதைக்கு டிரம்முல."

அவர் உள்ளே திரும்பி, "தம்பி, நம்ம ஸ்ரீரங்கத்து சாருக்கு எடுக்கிற ஆயில்தான், எடு" என்றார். உங்கள் பெயரைச் சொல்லவே தேவைப்படவில்லை. திருச்சியில் டிரம்முக்குள் படகு ஓட்டியவர் நீங்கள் ஒருவர்தான் போலிருக்கிறது.

புதன்கிழமை ஆயில் மாற்றினேன். மோட்டாரை டிரம்மில் ஐந்து நிமிஷம் ஓடவிட்டு, நிறுத்தி, அடியில் சட்டி வைத்து, வடிகிற திருகைக் கழற்றினேன். தார் போல் கறுப்பாக வந்தது. அந்தக் கறுப்பு ஆயிலின் கறுப்பு இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. இன்ஜினின் கரியையும் பொடியையும் எல்லாம் தன் மேல் வாங்கிக்கொண்டு, ஒரு சத்தமும் போடாமல் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. வாஷரைப் புதிதாகப் போட்டு, திருகை மூடி, புது ஆயில் ஊற்றினேன். ஆறும்வரை காத்திருந்து அளவுக் கம்பியை உருவிப் பார்த்தேன். இரண்டு கோட்டுக்கும் நடுவில் சரியாக நின்றது. பழையதைக் கேனில் பிடித்துப் பாலக்கரை ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தேன். என்னை நானே தட்டிக்கொடுக்கக் கை எட்டவில்லை, அவ்வளவுதான்.

ஒரு சீட்டு மட்டும் பாக்கி இருந்தது. "படுக்க வைத்தால் பள்ளிப் பக்கம் மட்டும்."

இந்த வகை மோட்டாரை எந்தப் பக்கமாவது கிடத்திவிட முடியாது என்று எனக்கும் தெரிந்திருந்தது. ஒரு பக்கம் கிடத்தினால் ஆயில் அதன் இடத்திலேயே இருக்கும். மறுபக்கம் கிடத்தினால் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். எந்தப் பக்கம் என்பதுதான் கேள்வி. பள்ளிப் பக்கம் என்றால் பள்ளிகொண்ட பக்கம். எழுதியவர் ஸ்ரீரங்கத்துக்காரர். பள்ளிகொண்டவர் யார் என்று இந்த ஊரில் எவரையும் கேட்க வேண்டாம். பெருமாள் எந்தப் பக்கம் சாய்ந்து சயனித்திருக்கிறாரோ அந்தப் பக்கம்தான் மோட்டாரும் சாய வேண்டும். ஒரே ஒரு சொல்லில் பக்தியையும் பராமரிப்பையும் சேர்த்து வைத்துவிட்டாரே மனுஷர் என்று எனக்கு மெய்சிலிர்த்தது.

நினைவை நம்பாமல் நேரில் போய்ச் சரிபார்க்க முடிவு செய்தேன். இலவச தரிசன வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்றேன். சன்னிதியில் கிடைக்கிற சில நொடிகளில் மற்றவர்கள் திருவடியைப் பார்ப்பார்கள், திருமுகத்தைப் பார்ப்பார்கள். நான் எந்தத் தோள் கீழே இருக்கிறது என்று பார்த்தேன். நன்றாகத் தெரிவதற்காகக் கொஞ்சம் உடம்பைச் சாய்த்தேன். பின்னால் நின்ற அம்மாளும், அவருக்குப் பின்னால் நின்ற இருவரும், ஏதோ முறை போலிருக்கிறது என்று அப்படியே சாய்ந்தார்கள். "நகருங்கோ, நகருங்கோ" என்றார் அர்ச்சகர். நகர்ந்தேன். வலப்பக்கம். சந்தேகமே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு முருகேசன் போன் செய்தார். நான் ஸ்ரீரங்கத்து வீட்டில்தான் இருந்தேன்.

"அய்யா, மோட்டாரை உடனே கொண்டாங்க. மேல தண்ணி தொறந்துட்டாங்க. செல்வி திட்டுல மாட்டிக்கிச்சு."

செல்வி அவர் மனைவி. மாட்டுக்குப் புல் அறுக்க இன்னும் மூன்று பெண்களோடு விடியற்காலையில் ஆற்றின் நடுத்திட்டுக்கு நடந்தே போயிருக்கிறார். போகும்போது முழங்கால் தண்ணீர்கூட இல்லை. திரும்பிப் பார்த்தால் வழி இல்லை. தீயணைப்புக்குச் சொல்லியாயிற்று, அவர்கள் கீழே இன்னொரு இடத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள், முடித்துவிட்டு வருகிறோம் என்றார்கள். துடுப்பு போட்டு அந்த வேகத்தைக் கடக்க முடியாது.

லோடு ஆட்டோ வந்தது. டிரைவரும் நானும் மோட்டாரைச் சட்டத்திலிருந்து இறக்கினோம். "எப்படி வேணா போட்டுக்கலாமா சார்?" என்றார். "எப்படி வேணா போட முடியாதுங்க" என்று சொல்லி, பழைய மெத்தையில் வலப்பக்கமாக, பெருமாளைப் போலவே, தலையணை வைக்காத குறையாகக் கிடத்தினேன். மீதி ஆயில் கேனையும் பிளக் ஸ்பானரையும் பக்கத்தில் வைத்தேன். உள்ளே இருந்த வைதேகி வீட்டைப் பூட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் பின்னால் வந்தாள்.

கரையில் ஏறியதும் கொள்ளிடத்தைப் பார்த்தேன். போன வாரம் மணலாகக் கிடந்த இடம். இப்போது அக்கரை எங்கே என்றே தெரியவில்லை. மண் நிறத்தில் ஒரு ஊரே எழுந்து நடந்துபோவது மாதிரி இருந்தது. சத்தம்கூட அதிகமில்லை, அதுதான் பயமாக இருந்தது. நடுவில் நாணல் தலைகள் கொஞ்சம் தெரிந்தன. அதற்குள்ளே நான்கு புடவைகள்.

மோட்டாரைப் படகில் மாட்டினோம். முருகேசன் கயிற்றைப் பிடித்து இழுத்தார். கயிறு அசையவில்லை. காலை ஊன்றி மறுபடி இழுத்தார். பாறையில் கட்டின கயிறு போல் நின்றது.

"புடிச்சிக்கிச்சுய்யா. நேத்து ஓடுச்சுன்னீங்களே?"

"முந்தாநாள். நல்லா ஓடிச்சு."

வைதேகி என்னைப் பார்த்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எங்களோடு பேசும்போது எங்கள் பேச்சுத்தான் பேசுவாள். அன்றைக்குப் பிறந்த வீட்டுப் பேச்சு வந்துவிட்டது.

"மாமா, எந்தப் பக்கம் படுக்க வெச்சேள்?"

"பள்ளிப் பக்கம்தான்மா. அப்பா எழுதின மாதிரியே."

"ஸ்கூல் பக்கமா?"

"எந்த ஸ்கூல்?"

"பள்ளின்னா ஸ்கூல் மாமா! நம்மாத்துக்குப் பக்கத்துல நர்சரி ஸ்கூல் இருக்கே!"

சம்பந்தி, உங்கள் வீட்டில் அந்த மோட்டார் நிற்கும் இடத்தை அப்போதுதான் மனதில் கொண்டுவந்து பார்த்தேன். மோட்டார் வாசலைப் பார்த்து நிற்கிறது. அதன் இடப்பக்கம் மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் நர்சரி ஸ்கூல். உங்கள் வீட்டுக்கு வந்த நாளெல்லாம் அந்தப் பிள்ளைகள் பாட்டுப் பாடுவதைக் கேட்டுக்கொண்டே காபி குடித்திருக்கிறேன். அதைப் பள்ளி என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நீங்களும் சொன்னதில்லை. "ஸ்கூல் விட்டாச்சு, கேட்டைச் சாத்துங்கோ" என்பீர்கள். சீட்டில் எழுதும்போது மட்டும் பள்ளி ஆக்கிவிட்டீர்கள். நானோ எதையும் முழுசாகப் படிக்கிறவன். படித்ததோடு நிறுத்தாமல் வியாக்கியானமும் செய்துவிட்டேன்.

"இடதுன்னு எழுதியிருக்கலாமேம்மா" என்றேன். அந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா?

"இடது வலதுன்னா, முன்னாடி நிக்கறவனுக்கு ஒண்ணு, பின்னாடி நிக்கறவனுக்கு ஒண்ணு. ஸ்கூல் எங்கேயும் நகராதும்பார் அப்பா." சொல்லிக்கொண்டே ஸ்பானரை எடுத்துவிட்டாள். "ஆயில் சிலிண்டர்ல இறங்கியிருக்கு. அதான் இழுக்க முடியல. பிளக்கைக் கழட்டினா வெளில தள்ளிடலாம். அப்பாவுக்கு ஒரு தடவை ஆயிருக்கு."

உங்களுக்கும் ஒரு தடவை ஆகியிருக்கிறது. அந்தச் சீட்டு அதற்குப் பிறகு எழுதியதுதானோ?

இரண்டு பிளக்கையும் கழற்றினாள். ஆயிலில் முக்கி எடுத்தது போல் சொட்டின. இன்ஜின் தவறிப்போய்ப் பற்றிக்கொள்ளாமல் இருக்க, நிறுத்துகிற சாவிக் கயிற்றை உருவிவிட்டாள். "இப்ப இழுங்கண்ணே. மாமா, நீங்க தள்ளி நில்லுங்கோ." முருகேசன் இழுத்தார். கயிறு லேசாக வந்தது. பிளக் துவாரத்திலிருந்து ஆயில் பீறிட்டு, தள்ளி நிற்காத என் வெள்ளைச் சட்டை முழுக்க அடித்தது. மறுபடி இழுத்தார், மறுபடியும். பத்துப் பதினைந்து தடவைக்குப் பிறகு காற்று மட்டும் வந்தது. அவருடைய துண்டில் பிளக்குகளைத் துடைத்து மாட்டி, சாவிக் கயிற்றையும் திரும்பச் செருகினாள். திட்டிலிருந்து யாரோ கையை வீசினார்கள். நாணல் முன்பைவிடக் குட்டையாகியிருந்தது.

"கிளம்பலாமா பாப்பா?"

"ஒரு நிமிஷம்ணே. ஆயில் அளவு பாக்காம வேண்டாம்."

"அங்க இடுப்புக்கு வந்துடுச்சு பாப்பா!"

"நடு ஆத்துல நின்னா?"

அவர் கயிற்றிலிருந்து கையை எடுத்தார். மோட்டார் நேராக நின்றது. கம்பியை உருவித் துடைத்து, விட்டு, மறுபடி உருவினேன். அது மட்டும் என் வேலை என்று விட்டிருந்தாள். கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தது. வெளியே தள்ளியது போக மிச்சம் அவ்வளவுதான். கேனில் மீதி இருந்தது. மீதி எண்ணெய் மோட்டாருடனே போகும் என்று நீங்கள் ஏன் எழுதினீர்கள் என்பது, அந்த மூடியைத் திருகுகையில்தான் எனக்குப் புரிந்தது. கோட்டைத் தாண்டாமல் ஊற்றினேன்.

அடுத்த இழுப்பில் மோட்டார் ஓடத் தொடங்கியது. நீலமும் வெள்ளையுமாக ஒரு புகை கரையையே மறைத்தது. புகைக்குள்ளிருந்து படகு வெளியே வந்தபோது முருகேசன் ஏற்கனவே தூரத்தில் இருந்தார்.

டிரம்மில் ஓடும்போது அந்த மோட்டார் பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆற்றில் அது வேறாக இருந்தது. அத்தனை தண்ணீரும் ஒரு திசையில் போக, அது ஒன்று மட்டும் குறுக்கே போனது. உள்ளே இரும்பும் இரும்பும் நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான முறை உரசிக்கொள்ள வேண்டியவை. உரசாமல் இருப்பதற்கு நடுவில் இருப்பது ஒரு படலம், தலைமுடியைவிட மெல்லியது. கொள்ளிடம் ஒரு பக்கம், நான்கு பெண்கள் ஒரு பக்கம், நடுவில் அந்தப் படலம். அதை ஊற்றியவன் நான். சன்னிதியில் வராத கண்ணீர் எனக்கு அங்கே வந்தது. புகை என்று வைதேகியிடம் சொன்னேன்.

திட்டை நெருங்கியதும் சத்தம் நின்றது.

வைதேகி என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆயில் போதவில்லையா? அதிகமா? பிளக் நனைந்ததா? நான் இரண்டு கோடுகளையும் திரும்பத் திரும்ப மனதுக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. உங்களைக் கூப்பிட்டேன் என்று நினைக்கிறேன். உங்களுக்குக் கேட்டதா?

பிறகு சத்தம் திரும்பி வந்தது. தண்ணீருக்குள் சுற்றும் விசிறி மணலில் இடிக்காமல் இருக்க முருகேசனே மோட்டாரை நிறுத்தித் தூக்கியிருக்கிறார். எந்த மீனவரும் செய்வது. எனக்குத் தெரியாதே!

நான்கு பேரும் வந்து இறங்கினார்கள். கூடவே ஒரு புல்லுக்கட்டும் இறங்கியது.

"அதை விட்டுட்டு ஏறுன்னா ஏற மாட்டேங்குதுய்யா" என்றார் முருகேசன்.

"ஆத்துக்கு எதுக்கு நான் தீனி போடணும்? மாட்டுக்கு அறுத்தது" என்றார் செல்வி. உடம்பு நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. வைதேகி போர்த்திவிட்ட துப்பட்டாவை இழுத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பெரியவரே, நீங்கதான் ஆயில் மாத்துனவரா? பாத்தா ஆயில் உங்களை மாத்துன மாதிரில்ல இருக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. தாமதம் என்னால்தான் என்று அவரிடம் சொல்லாமல் அங்கிருந்து போக மனம் வரவில்லை. பள்ளி, பெருமாள், வரிசையில் நின்றது, தோளைப் பார்த்தது எல்லாவற்றையும் சொன்னேன். முழுவதையும் கேட்டார்.

"அம்மாந்தூரம் போயி பெருமாளைக் கேட்டதுக்கு, வீட்டுல இருக்கிற இந்தப் பொண்ணை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

நூலகத்தில் எந்த அலமாரியிலும் இந்தப் பதில் எனக்குக் கிடைத்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை மோட்டாரைத் திரும்பச் சட்டத்தில் நிறுத்தினோம். அன்று ஊற்றியதை வடித்துவிட்டுப் புது ஆயில் போட்டேன். விசிறிக்கு மேலே இருக்கும் கியர் பெட்டியின் ஆயிலையும் பார்க்க வேண்டியிருந்தது. வெள்ளத்தில் ஓடியது; தண்ணீர் உள்ளே போயிருந்தால் ஆயில் பால் போல் வெளுத்து வரும். கீழ்த்திருகைக் கழற்ற உட்கார்ந்தபோது செல்வி கேட்டைத் திறந்துகொண்டு வந்தார்.

"நான் ஏறி உக்கார்ற வண்டி. உள்ள என்ன ஊத்துறீங்கன்னு பாத்துக்கறேன்" என்று சொல்லி என் எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டார்.

பழையது தெளிவாக வந்தது. ஒரு சொட்டு வெளுப்பு இல்லை. புதியதைக் கீழ்த்துவாரம் வழியாகத்தான் ஏற்ற வேண்டும், அப்போதுதான் உள்ளே இருக்கும் காற்று மேலே போகும் என்று வைதேகி சொல்ல, செல்வி அங்கே மாட்டிய ஆயில் பம்பை அழுத்தினார். நான் மேல்துவாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் காற்று வந்தது, பிறகு குமிழி, பிறகு குமிழியில்லாத ஆயில். "வந்துடுச்சு" என்றேன். மேல்திருகை மூடினேன். செல்வி கீழே பம்பை எடுத்தார்.

"ஓட்டை தொறந்துதான் இருக்கு. ஏன் ஊத்தல?" என்றார்.

ஆமாம், சம்பந்தி. கீழே திறந்திருந்தது. உள்ளே நிறைய இருந்தது. மேலே மூடியிருந்ததால் அது விழவில்லை; இரண்டு சொட்டு எட்டிப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றது. காரணம் எனக்குத் தெரியும், புத்தகத்தில் இருக்கிறது. சொல்லத் தோன்றவில்லை. மூவரும் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு செல்வி தன் கையாலேயே திருகை மூடினார்.

வாக்கு ஒன்று தருகிறேன். என் கைக்குத் திருகு பிடிக்கிற வலு இருக்கிறவரை, ஒவ்வொரு தடவை ஆற்றில் தண்ணீர் வரும் முன்பும் இந்த மோட்டாருக்கு நான் ஆயில் மாற்றுவேன். மாற்றி முடித்ததும் நானே சரி என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். வைதேகியும் செல்வியும் கம்பியை உருவிப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் மேல்மூடியை மூடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் மகளிடம் இப்போது தொழில் கற்றுக்கொண்டிருக்கும்,
உங்கள் மாப்பிள்ளையின் தகப்பன்